உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

ஷெட்டுக்குள் ஒரு பழைய கார் வந்து நிற்கிறது. இரண்டே இருக்கை வைத்த ஸ்போர்ட்ஸ் கார். அறுபது வயதிருக்கும். டயரில் காற்றில்லை. மேல்துணி கிழிந்து தொங்குகிறது. சிவப்புப் பெயிண்ட் வெயிலில் வெளிறி, மட்கார்டு ஓரத்தில் செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கிறது. வாங்கியவர் பானட்டைத் தடவிக்கொண்டே, "எப்ப முடியும் மேஸ்திரி?" என்கிறார். "மொத்தத்தையும் இறக்கிடலாம் சார். தகடு வரைக்கும் போனாத்தான் பெயிண்ட் நிக்கும். அப்புறம் பளிச்சுனு ஒரு சிவப்பு அடிச்சிடலாம்" என்று பதில் வருகிறது. பக்கெட்டில் தண்ணீரும் கையில் உப்புத்தாளுமாக அவர் குந்துகிறார்.

அந்தக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் என்ன நிறத்தில் இருந்தது என்பது தெரியும்வரை உப்புத்தாள் அதன் மேல் படக் கூடாது. தெரிந்த பின், தெரிந்ததை மறைக்கவும் கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் ஏன், எப்படி என்பதற்கான விளக்கம்.

இதில் என்ன அவசரம் என்று கேட்பீர்கள். என்ஜின் போனால் அதே மாடலில் இன்னொன்று தேடிப் பிடிக்கலாம். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றலாம். துருப்பிடித்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு ஒட்டலாம். தவறாகச் செய்துவிட்டால் மறுபடி செய்யலாம். முதல் பெயிண்டுக்கு மட்டும் மறுபடி என்பதே கிடையாது. சாண்ட் பிளாஸ்டிங் செய்கிற இடத்துக்குப் பாடியை அனுப்பிவிட்டால், அறுபது வருடமாக ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அத்தனை சாட்சியமும் ஒரே மதியத்தில் தூசியாகிப் பெருக்கித் தள்ளப்படும். மறுநாள் காலையில் சாம்பல் நிறத்தில் வெறும் தகடு நிற்கும். அதனிடம் நீங்கள் என்ன கேட்டாலும் பதில் வராது.

நிறம் வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் உதாரணம். 1953-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃப்ளின்ட் நகரத் தொழிற்சாலையில் செவ்ரோலெட் கோர்வெட் முதன்முதலாகத் தயாரானது. அந்த வருடம் செய்தவை மொத்தம் 300 கார்கள். முந்நூறும் போலோ வெள்ளை; உள்ளே சிவப்பு இருக்கை. ஆக, '53 மாடல் கோர்வெட், அசல் நீலம்' என்று ஒருவர் விற்க வந்தால், அவர் வாயைத் திறந்த கணமே பொய் வெளியே வந்துவிடுகிறது. நிறம் அங்கே பிறப்புச் சான்றிதழ்.

இன்னொன்று. 1961 மார்ச்சில் ஜெனீவாவில் ஜாகுவார் ஈ-டைப் அறிமுகமானபோது கூட்டத்தின் கண்ணில் பட்டவை இரண்டு கார்கள். ஒன்று துப்பாக்கிக் குழலின் சாம்பல் நிறத்துக் கூப்பே. பதிவெண் 9600 எச்.பி. மற்றொன்று பச்சை நிறத் திறந்த கார். பதிவெண் 77 ஆர்.டபிள்யூ. கூட்டம் தாங்காமல், இருப்பதைப் போட்டுவிட்டு இன்னொரு காரையும் கொண்டு வா என்று தொழிற்சாலை இருந்த கவன்ட்ரிக்குச் செய்தி போக, சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் இரவெல்லாம் விரட்டிக்கொண்டு வந்து சேர்த்தது அந்தப் பச்சைக் காரைத்தான். அறுபது வருடம் கழித்து, 2021-ல், அந்த நிறுவனமே பழைய ஈ-டைப்புகளை ஜோடி ஜோடியாகப் புதுப்பித்தபோது ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று சாம்பல், ஒன்று பச்சை. அந்த இரவின் பயணத்தை நினைவுபடுத்தும் விதமாகவே நிறங்களுக்குப் பெயரும் வைத்தார்கள். ஒரு காரின் கதையை அதன் நிறத்தை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது என்று அதைச் செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

உபதேசம் செய்ய எனக்கு என்ன அருகதை? அதே தவறைச் செய்தவன் என்ற அருகதைதான். இளவயதில் நண்பன் ஒருவன் வீட்டு எம்.ஜி. டி.டி. காரைப் புதுப்பிக்கிறோம் என்று நாலைந்து பேர் இறங்கினோம். இங்கிலாந்தின் அபிங்டனில் 1949-லிருந்து 1953 வரை செய்த மாடல் அது. "இது பச்சைடா, வெளிர்ப் பச்சை" என்று அவனுடைய அப்பா திண்ணையில் உட்கார்ந்தபடி இரண்டு முறை சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. எங்கள் கண்ணுக்கு முன்னால் இருந்தது சிவப்பு. அதற்குக் கீழே தேய்க்கத் தேய்க்க வந்ததும் வேறொரு சிவப்பு. பெரியவருக்கு ஞாபகம் பிசகிவிட்டது என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம். ஒரு வாரம் தேய்த்தோம். தகடு பளபளத்தது. சிவப்பே அடித்தோம்.

அந்தக் காருக்குப் பெட்ரோல் டேங்க், பாடிக்கு வெளியே பின்பக்கம் பலகை போல நிமிர்ந்து நிற்கும். அது ஒழுகியதால் கடைசியில் அதையும் கழற்ற வேண்டி வந்தது. டேங்குக்கும் பாடிக்கும் நடுவே எந்தப் பெயிண்டரின் கன்னும் எட்டாத இடத்தில், இரண்டு கை அகலத்துக்கு வாதுமைத் தளிர் போல வெளிர்ப் பச்சை. அப்பாவைக் கூட்டி வந்து காட்டினோம். அவர் குனிந்து பார்த்தார். "இதைத்தானேடா சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். காரைத் தேய்க்கும் முன் அந்த டேங்கைக் கழற்ற எங்களுக்கு அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

ஆகவே முதல் கடமை, கேட்பது. அந்தக் காரைப் புதிதாகப் பார்த்தவர் எவரேனும் உயிரோடு இருந்தால் இன்றைக்கே போய்ப் பாருங்கள். பழைய ஓனரின் பிள்ளைகள், அந்தக் காலத்து மெக்கானிக், கல்யாண ஊர்வலத்துக்கு அதை ஓட்டிய டிரைவர் என்று யாராக இருந்தாலும் சரி. அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். தப்பாகவும் இருக்கலாம். ஆனால் தேட வேண்டிய திசையை அது காட்டும்.

இரண்டாவது, காகிதம். நம் நாட்டில் வண்டியைப் பதிவு செய்யும்போது பாடியின் நிறத்தையும் எழுத வேண்டும். ஆகவே பழைய ஆர்.சி. புத்தகம், அட்டை கிழிந்திருந்தாலும், அதைத் தூக்கிப் போடாதீர்கள். புது அட்டை வாங்கிய கையோடு பழையதைத் தொலைத்துவிடுவது நம் வழக்கம். பின்னால் சேர்த்த திருத்தங்கள் உட்பட ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். ஆல்பத்தில் கருப்பு வெள்ளைப் படம் இருந்தால் அதில் நிறத்தைத் தேடி ஏமாறாதீர்கள். அடர் சிவப்பும் அடர் பச்சையும் அதில் ஏறக்குறைய ஒரே சாம்பலாகத் தெரியும். காரின் நிறம் வெளிறியதா அடர்ந்ததா, ஒற்றை நிறமா இரட்டையா, கோடு போட்டிருந்ததா என்பதை மட்டும் அது சொல்லும். அதுவும் பெரிய உதவிதான்.

கார் செய்தவர்களின் பதிவேடுகளும் உண்டு. ஜாகுவாருக்கு அதன் பாரம்பரிய அறக்கட்டளை, சேஸிஸ் நம்பரை வைத்துச் சான்றிதழ் தருகிறது. வெளிநிறம், உள் இருக்கையின் நிறம், செய்த தேதி, எந்த விற்பனையாளருக்குப் போனது என்பதெல்லாம் அதில் வரும். எம்.ஜி., டிரையம்ஃப், ஆஸ்டின் ஹீலி போன்றவற்றில் பல மாடல்களுக்கு இங்கிலாந்தின் கேடன் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் கேட்கலாம். போர்ஷேக்குக் கையால் எழுதிய தயாரிப்பு அட்டை உண்டு. மெர்சிடிஸுக்கு டேட்டா கார்டு உண்டு. கடிதம் போட்டுப் பதில் வர வாரங்கள் ஆகலாம். ஆகட்டும். அறுபது வருடம் காத்திருந்த கார் இன்னும் ஆறு வாரம் காத்திருக்காதா?

மூன்றாவது, காரிலேயே அடித்து வைத்த தகடு. போர்ஷே 356-லும் ஆரம்பகால 911-லும் கதவுக் கீல் பதியும் தூணில் சின்ன அலுமினியத் தகடு இருக்கும். பெயிண்ட் எண் அதில். மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரின் தகட்டில் டி.பி. 180 என்றிருந்தால் அது வெள்ளிச் சாம்பல். 1963-லிருந்து வந்த கோர்வெட்டிலும் இப்படி ஒரு தகடு உண்டு. இங்கே ஓர் எச்சரிக்கை. தகட்டைக் கழற்றி மாட்ட ஒரு ரிவெட் கன் போதும். விலை ஏறிய கார்களில் தகடும் மாறும். தகடு சொல்வதைப் பாடியும் சொல்கிறதா என்று பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

பாடியிடம் எப்படிக் கேட்பது? இங்கேதான் பொறுமை வேண்டும். மறுபெயிண்ட் அடிக்கிறவர் எல்லா இடத்தையும் அடிப்பதில்லை. கண்ணுக்குத் தெரிவதை அடிப்பார், தெரியாததை விடுவார். அவருடைய சோம்பல்தான் உங்களுக்குச் சொத்து. கதவின் உள்பலகையைக் கழற்றுங்கள். மீட்டர்களை இறக்கி டேஷ்போர்டின் பின்பக்கம் டார்ச் அடியுங்கள். டிக்கியின் கம்பளத்தைத் தூக்குங்கள். ஹீட்டர் பெட்டியின் பின்புறம், ஹாரன் மாட்டிய இடம், கதவு ரப்பருக்குள் ஒளிந்த விளிம்பு, கீலுக்கு அடியில், ஒயரைப் பிடித்த கிளிப்புக்குக் கீழே, கம்பெனி சின்னத்தின் முதுகில் என்று ஒன்றையும் விடாதீர்கள். ஒவ்வொன்றையும் கழற்றும் முன்பும் பின்பும் படம் எடுங்கள். ஒட்டியிருக்கும் அழுக்கைத் தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள். பழைய செல்லுலோஸ் பெயிண்ட் தின்னரில் கரைந்து துணியோடு வந்துவிடும். நம் பெயிண்டர்கள் இன்றும் 'டூக்கோ' என்று சொல்கிறார்களே, அது 1920-களில் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனி கொண்டு வந்த செல்லுலோஸ் பெயிண்டின் வியாபாரப் பெயர். வாரக்கணக்கில் காய்ந்த வார்னிஷ் பெயிண்டின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. சீக்கிரம் காயும், அதே சீக்கிரத்தில் கரையவும் செய்யும். வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும்.

அடுத்தது அடுக்குகளைப் படிப்பது. உப்புத்தாளுக்கு இங்கே மட்டும் அனுமதி தருகிறேன், அதுவும் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு. பழைய தகடு, மாற்றாதது என்று உறுதியான இடமாகப் பாருங்கள். 400 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து விரலில் சுற்றி, வட்டமாக, நடுவில் தகடு எட்டிப் பார்க்கும் வரை மெதுவாகத் தேயுங்கள். பிறகு 800, 1500, 2000 என்று ஏறி வந்து, கடைசியில் ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் துணியால் தேயுங்கள். வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தது போல வளையங்கள் தெளியும். வெளி வளையம் கடைசியாக அடித்தது. நடுவிலிருப்பது முதலில் அடித்தது. வெளியே சிவப்பு, அதற்குள் பட்டி பார்த்த சாம்பல், பிறகு ஒரு கிரீம், அதற்குள் நூல் போல ஒரு கறுப்பு வளையம், அப்புறம் அடர்நீலம், அதற்கும் உள்ளே செங்காவிப் பிரைமர், நடுவில் தகடு என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நூல் போன்ற கறுப்பு பெயிண்டே கிடையாது. அழுக்கும் வாக்ஸும் படிந்த கோடு. அடர்நீலம் பல வருடம் வெயிலையும் மழையையும் பார்த்தது என்பதற்கு அதுவே சாட்சி. சிவப்புக்கும் கிரீமுக்கும் நடுவே அந்த அழுக்கு இல்லையென்றால், பழைய பெயிண்டைத் தேய்த்துக் கழுவிய கையோடு அடுத்ததை அடித்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

இங்கே ஏமாறுபவர்கள் நிறைய. அடியில் கிடைத்த செங்காவியைப் பார்த்து, "அசல் நிறம் காவி!" என்று குதிப்பார்கள். அது துருவுக்குப் போட்ட பிரைமர். எவ்வளவு தேய்த்தாலும் பிரைமர் மங்கலாகவே நிற்கும், மேல்பூச்சு மினுங்கும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கண்ணில் பழக்கிக்கொண்டால் பாதித் தவறு போய்விடும். கதவு மட்டும் வேறு காரிலிருந்து வந்திருக்கலாம். டேஷ்போர்டைத் தனி நிறத்தில் அடித்திருக்கலாம். தொழிற்சாலையிலேயே கீறல் விழுந்து ஒரு மட்கார்டை மறுபடி அடித்திருக்கலாம். அதனால் ஓரிடத்தில் கண்டதை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். பானட், கதவு, பின்பாடி என்று மூன்று இடத்தில் ஒரே அடுக்கு ஒரே வரிசையில் வந்தால், அதனோடு காகிதமும் ஒத்துப்போனால், நம்புங்கள். ஒத்துவராவிட்டால் இன்னும் தேடுங்கள்.

நிறத்தின் பெயர் கிடைத்துவிட்டது என்றால் வேலை முடிந்ததா? இல்லை. 'பிரிட்டிஷ் ரேசிங் கிரீன்' என்று சான்றிதழில் இருக்கும். 1903-ல் கோர்டன் பென்னட் பந்தயம் அயர்லாந்தில் நடந்தபோது அந்த நாட்டுக்கு மரியாதையாக இங்கிலாந்துக் கார்கள் பச்சை பூசின என்பது அதன் கதை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கம்பெனியும் தனக்குப் பிடித்த பச்சைக்கு அதே பெயரை வைத்தது. பாசிப் பச்சையும் உண்டு, ஏறக்குறைய கறுப்பாகத் தெரியும் பச்சையும் உண்டு. அந்தப் பெயரைக் கடையில் சொல்லி டப்பா வாங்குவது, 'மாமா' என்று கூப்பிட்டுக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குள் நுழைவது போல. பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

பொது விதியை வைத்து ஊகிப்பதும் ஆபத்து. பந்தயத்தில் ஜெர்மன் கார் என்றால் வெள்ளை, இத்தாலியக் கார் என்றால் சிவப்பு என்று ஒரு வழக்கம் இருந்தது உண்மை. ஆனால் 1924-ல் சிசிலித் தீவில் டார்கா ஃபிளோரியோ பந்தயத்துக்குப் போன மெர்சிடிஸ் கார்களுக்குச் சிவப்புத்தான் பூசினார்கள், உள்ளூர் ரசிகர்கள் தூரத்திலிருந்தே அந்நியக் கார் என்று கண்டுகொண்டு தொல்லை செய்யாதிருக்க. பந்தயத்தை வென்றதும் அந்தச் சிவப்பு மெர்சிடிஸ்தான். 'ஜெர்மன் கார்தானே' என்று அதற்கு வெள்ளை அடித்தால் சரித்திரத்தையே அழித்ததாகும்.

கண்டெடுத்த துண்டும் முழு உண்மையைச் சொல்லாது. வெயில் பட்ட பெயிண்ட் வெளுக்கும். சிவப்பு முதலில் வெளுக்கும். வெயிலே படாத இடத்தில் எண்ணெய் சேர்ந்த எனாமல் பெயிண்ட் மஞ்சள் பூக்கும். வெள்ளை கிரீமாகும், நீலம் பச்சையை நோக்கிச் சாயும். ஒளிந்திருந்த இடம் என்பதற்காக அப்படியே நகல் எடுத்தால், மஞ்சள் பூத்த நிறத்தையே அசல் என்று அடித்துவிடுவீர்கள். மேற்பரப்பை லேசாகத் தேய்த்து மெருகேற்றிப் பிறகு பாருங்கள். சில நாள் பகல் வெளிச்சத்தில் விட்டு, மாறுகிறதா என்று கவனியுங்கள். நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ மீட்டர் வைத்திருக்கும் பெயிண்ட் கடைகள் இப்போது உண்டு. மெட்டாலிக் நிறமென்றால் பல கோணத்தில் அளக்கும் மீட்டரைக் கேளுங்கள். ஒரே கோணத்தில் அளந்தால் அலுமினியத் துகளின் மினுக்கம் பிடிபடாது.

அளந்த கணக்குப்படி கலந்த பெயிண்டை நேரே காரில் அடிக்காதீர்கள். முதலில் ஒரு தகட்டுத் துண்டில் அடித்துக் காய வையுங்கள். காலை வெயிலில், நிழலில், இரவில் டியூப்லைட்டின் கீழ் என்று மூன்று வெளிச்சத்தில் பழைய துண்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தக் காலத்து மஞ்சளிலும் சிவப்பிலும் ஈயம் கலந்த நிறப்பொடிகள் இருந்தன. இன்று அவற்றுக்குப் பதில் வேறு பொடிகள். ஷெட்டு வெளிச்சத்தில் அச்சாகப் பொருந்திய நிறம், தெருவில் தள்ளிக்கொண்டு வந்ததும் வேறாகத் தெரிவதற்கு இதுவே காரணம். ஜவுளிக் கடையில் பட்டுப்புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்க்கிற நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த சங்கதி இது. காருக்கும் அந்த அக்கறையைக் காட்டுங்கள்.

ஈயம் என்று சொன்னதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நிறத்தைத் தேடுகிற ஆர்வத்தில் மனிதனை மறந்துவிடாதீர்கள். பழைய பெயிண்டைக் காய்ந்த நிலையில் மெஷின் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூசி பறக்கும். தேய்க்கிற பையனின் நுரையீரலுக்குள்ளும், அவன் சட்டையோடு வீட்டுக்குப் போய் அவன் குழந்தையின் கைக்கும் அது போகும். இன்று அடிக்கும் இரண்டு டப்பா பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூக்கில் கட்டிய கைக்குட்டை அதைத் தடுக்காது. தண்ணீர் ஊற்றித் தேய்க்கச் சொல்லுங்கள். சரியான மாஸ்க்கை உங்கள் காசில் வாங்கிக் கொடுங்கள். லட்சக்கணக்கில் காருக்குச் செலவழிப்பவர் அதைக் கணக்குப் பார்ப்பது அநியாயம்.

இவ்வளவும் செய்து நிறத்தைக் கண்டுபிடித்தாயிற்று. இனிதான் சோதனை. கார் பிறந்தது மங்கலான ஒரு காக்கி நிறத்தில் என்று தெரிகிறது. உங்களுக்குப் பிடித்ததோ சிவப்பு. விற்றால் விலை போவதும் சிவப்பு. ஃபெராரி போன்ற கார்களில், வேறு நிறத்தில் பிறந்த எத்தனையோ வண்டிகள் இப்படி விற்பனைக்காகவே சிவப்பாகின. 'விற்பனைச் சிவப்பு' என்று அந்த வட்டாரத்தில் கேலிப் பெயரே உண்டு. இன்று அதே கார்களை வாங்கியவர்கள் காசு செலவழித்துப் பழைய நீலத்துக்கும் சாம்பலுக்கும் திரும்புகிறார்கள்.

"என் கார், என் காசு, என் இஷ்டம்" என்பீர்கள். இஷ்டம்தான். ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லி ஆர்.சி.யில் மாற்றிக்கொண்டால் சட்டமும் உங்களைத் தடுக்காது. ஆனால் அறம் சட்டத்தோடு முடிகிற சமாசாரமா? அந்தக் கார் உங்களுக்கு முன்னால் மூன்று நான்கு பேரிடம் இருந்தது. உங்களுக்குப் பிறகும் யாரிடமோ போகும். நடுவில் கொஞ்ச காலம் அது உங்கள் பொறுப்பில் இருக்கிறது. பழங்கால வாகனங்களுக்கென 1966-லிருந்து இயங்கும் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவாவின் டூரின் சாசனம், கோயிலையும் கோட்டையையும் பாதுகாக்கிற அதே மனப்பான்மையைக் காருக்கும் கேட்கிறது: முடிந்தவரை இருப்பதைக் காப்பாற்று, மாற்றினால் எழுதி வை. நம் மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விதியும், ஐம்பது வயது தாண்டி, அசல் வடிவில் பேணப்பட்டு, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வாகனத்தைத்தான் விண்டேஜ் என்கிறது.

எனவே, நிறம் தெரிந்தபின் நேர்மையான வழிகள் மூன்று இருக்கின்றன. அசல் பெயிண்ட் பாதியாவது உயிரோடு இருந்தால் அதைத் தொடாதீர்கள். கழுவி, மெருகேற்றி, பெயர்ந்த இடத்தை மட்டும் சரிசெய்யுங்கள். கீறலோடும் மங்கலோடும் அது நிற்கட்டும். புதுப் பெயிண்ட் எந்தக் கடையிலும் கிடைக்கும். பழைய பெயிண்ட் எங்கும் கிடைக்காது. இரண்டாவது, அசல் போய்விட்டது என்றால் கண்டுபிடித்த நிறத்துக்கே திரும்புங்கள். அதில் அவசரம் வேண்டாம். போர்ஷே அருங்காட்சியகம் 2014-ல் கிழக்கு ஜெர்மனிப் பகுதியில் ஒரு களஞ்சியத்தில் கிடந்த 57-ஆம் எண் 901 காரை (911-க்கு முதலில் வைத்த பெயர் அது) வாங்கியது. 1964-ல் செய்தது, துருப்பிடித்து, பல பாகங்கள் தொலைந்து கிடந்தது. மூன்று வருடம் உழைத்து 2017 டிசம்பரில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். செய்த கம்பெனிக்கே மூன்று வருடம் பிடித்த வேலை அது. மூன்று வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

மூன்றாவது, காரின் கதை இன்னொரு நிறத்தில்தான் நடந்தது என்றால் அந்த நிறத்தை மதியுங்கள். 1964-ல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.5 வெள்ளியாக மினுங்குகிறது. ஆனால் அந்தச் சாகசக் கருவிகளைப் பொருத்திய முன்மாதிரிக் கார் முதலில் அடர் சிவப்பு. படத்துக்காகத்தான் வெள்ளி பூசினார்கள். அதற்குப் 'பிறந்த நிறம்' என்று மறுபடி சிவப்பு அடித்தால் முட்டாள்தனம். பந்தயத்தில் ஓடிய நிறம், ஒரு குடும்பம் நாற்பது வருடம் பார்த்த நிறம், இவற்றுக்கும் இதே நியாயம். உங்கள் ஆசை நிறத்தை அடிப்பதைக்கூட நான் பாவம் என்று சொல்ல மாட்டேன், ஒரு நிபந்தனையோடு: அது ஆசை நிறம் என்று சொல்லுங்கள்.

சொல்லாமல் விடுவதுதான் பாவம். அடர்நீலம் என்று தெரிந்தும் தெரியாதது போலத் தேய்த்துத் தள்ளுவது, தகட்டை மாற்றுவது, விற்பனை நேரத்தில் "கம்பெனி பெயிண்ட் சார்" என்று சத்தியம் செய்வது. பூசி மெழுகுதல் என்ற சொல் நம் மொழியில் சும்மா வரவில்லை. எவ்வளவு கனமாகப் பூசினாலும், அடுத்த ஓனரின் மெக்கானிக் ஒரு நாள் டேங்கைக் கழற்றுவார். அன்றைக்குச் சாயம் வெளுத்துவிடும். கார் என்னவோ நின்றுகொண்டுதான் இருக்கும். போவது உங்கள் பெயர்.

ஆகவே, இன்று மாலை உங்கள் ஷெட்டுக்குப் போங்கள். வேலை நடந்துகொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். மேஸ்திரிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, ஏன் நிறுத்தினோம் என்று பக்கத்தில் உட்கார்ந்து விளக்குங்கள். வளையம் தெரிகிற அந்த வட்டத்தை அவரே ஒருமுறை பார்த்துவிட்டால், அடுத்த காரில் நீங்கள் சொல்லாமலே அவர் கை நிற்கும். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எங்கே, என்றைக்கு, என்ன நிறம் கண்டீர்கள் என்று எழுதிப் படங்களை ஒட்டுங்கள். அது காரோடேயே இருக்கட்டும். விற்கும்போது சாவியோடு சேர்த்துக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. மறுபெயிண்ட் அடித்தே தீர வேண்டும் என்றாலும், கதவின் உள்பலகைக்குப் பின்னால் உள்ளங்கை அளவு இடத்தில் பழைய பெயிண்டை அப்படியே விடுங்கள். அதன்மேல் டேப் ஒட்டிவிட்டு மீதியை அடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் தேதியைக் குறித்து, பலகையை மூடித் திருகாணியை முடுக்குங்கள்.